காளிச்சாமியின் சக் கண்ணாடி அலமாரிக்குப் போகாது

மதிப்பிற்குரிய தலைவர் அரங்கசாமி அவர்களே, மேடையில் வீற்றிருக்கும் சிறுபட்டறைச் சங்க நிர்வாகிகளே, ஆனைமலையிலிருந்து விடியற்காலையே பஸ் ஏறி வந்திருக்கும் காளிச்சாமியின் உறவினர்களே, முன்வரிசையில் அமர்ந்திருக்கும் அவருடைய துணைவியார், எனக்குத் தங்கை போன்ற சின்னத்தாயி அவர்களே, சிங்காநல்லூர்ப் பட்டறைத் தோழர்களே! உங்கள் எல்லோருக்கும் லேத் பட்டறை பீர் முகம்மதுவின் வணக்கம்.

எனக்கு உட்காரவும் முடியவில்லை, நிற்கவும் முடியவில்லை. நான்கு பேர் பேசி முடிக்கும் வரை அந்த நாற்காலியில் நெளிந்துகொண்டே இருந்தேன். தலைவர்கூட, "என்னங்க பாய், எறும்பு கடிக்குதுங்களா?" என்று காதில் கேட்டார். ஆமாம், கடிக்கிறது! ஏன் கடிக்கிறது என்று சொல்லத்தான் மைக்கைப் பிடித்திருக்கிறேன்.

பேட்டர்ன் மாமணி காளிச்சாமி! இந்தப் பட்டத்தை இன்றைக்குத்தான், படத்துக்கு மாலை போட்ட பிறகுதான் கொடுத்திருக்கிறோம். உயிரோடு இருந்தபோது என்ன கொடுத்தோம்? ஒரு தடைத் தீர்மானம் கொடுத்தோம்! எனக்கு முன்னால் பேசியவர்களில் யாராவது அதைச் சொன்னீர்களா?

ஊரிலிருந்து வந்திருப்பவர்களுக்காகச் சொல்கிறேன். பம்பு செய்ய பவுண்டரியில் இரும்பை உருக்கி மண் அச்சில் ஊற்றுவார்கள். அந்த அச்சைப் பதிக்க முதலில் மரத்தில் ஒரு மாதிரி வேண்டும். அதுதான் பேட்டர்ன். வட்டமென்றால் வட்டமாகவே இருக்க வேண்டும். கொஞ்சம் கோணினாலும் பவுண்டரிக்காரன் திருப்பி அனுப்பிவிடுவான். காளிச்சாமியின் மரக்கடைசல் மெஷினோ பழசு. பெரிய கட்டையை மாட்டினால் குளிர்காய்ச்சல் வந்தவன் மாதிரி உதறும்.

தொண்ணூற்று நாலாம் வருடம், தம்முடைய சக்கைக் கையில் தூக்கிக்கொண்டு என் பட்டறை வாசலில் வந்து நின்றார். சக் என்றால் கட்டையைக் கவ்விச் சுழற்றுகிற இரும்பு வாய். "ஏனுங்க பாய், இதை உங்க இரும்பு லேத்துல மாட்டிப் பார்க்கலாமுங்களா?"

எனக்கு வந்ததே கோபம்! இரும்பு லேத்தில் மரம் ஓட்டுவதா? இரும்பு கடைகிற எவனாவது சம்மதிப்பானா? மரத்தூள் எண்ணெயை உறிஞ்சிவிடும், லேத்தின் அடிப்பாகமான பெட் துருப்பிடித்துப்போகும். போதாததற்கு சக் மாட்டுகிற என் சுழல்தண்டின், அதாவது ஸ்பிண்டிலின், மரை வேறு, அவர் சக்கின் மரை வேறு. "ஆகாதுங்க, போங்க" என்றேன். போனாரா?

பேட்டர்ன்காரர் புத்தி எப்படி ஓடுகிறது பாருங்கள்! வேறு யாராக இருந்தாலும் காயலான் கடையில் இரும்புத் துண்டு தேடியிருப்பார்கள். காளிச்சாமி, என் ஸ்பிண்டிலையும் அவர் சக்கையும் இணைக்கும் தட்டுக்கு மரத்தில் ஒரு பேட்டர்ன் செய்து, பவுண்டரியில் ஊற்றி வாங்கி, சூடு ஆறியும் ஆறாமலும் என் மேசையில் கொண்டுவந்து வைத்தார். "மரை மட்டும் போட்டுக் குடுத்துப்போடுங்க பாய்." பெட்டின்மேல் தூள் விழாமல் மூட, பலகையும் அவரே அறுத்து வந்திருந்தார்.  போட்டுக் கொடுத்தேன். மாட்டினோம், ஓட்டினோம். அடேயப்பா! ஓர் உதறல் இல்லை. சின்னத்தாயி கட்டையைத் தடவிப் பார்த்து, "வெண்ணெயாட்டம் இருக்குதுங்க" என்றார்.

பிறகுதான் வந்தது வினை. அவர் மெஷின் ஒரே பக்கம்தான் சுற்றும். என் லேத்துக்கு ரிவர்ஸ் உண்டு. உப்புத்தாள் தேய்க்கும்போது எதிர்ப்பக்கம் சுற்றினால் மரம் இன்னும் வழவழப்பாகுமே என்று ஆசைப்பட்டு ரிவர்ஸைப் போட்டுவிட்டார். மரையில் ஏற்றிய சக்கை எதிர்ப்பக்கம் சுற்றினால் என்ன ஆகும்? கழன்றது! கட்டையோடு குதித்து, வாசலைத் தாண்டித் தெருவில் உருண்டு, டீக்கடை பெஞ்சில் முட்டித்தான் நின்றது. நல்லவேளை, யார்மேலும் படவில்லை. மறுவாரமே சங்கம் கூடியது. இனி எந்த இரும்பு லேத்திலும் மரம் ஓட்டக் கூடாது! அன்றைக்குக் கை தூக்கியவர்கள் இங்கேதானே இருக்கிறீர்கள்?

காளிச்சாமி சண்டைக்கு வந்தாரா? இல்லை. ஸ்பிண்டிலின் பின்பக்கப் பள்ளத்தைக் கவ்வுகிற மாதிரி இரண்டு கொக்கி செய்து, தட்டோடு சேர்த்து போல்ட் போட்டு இறுக்கினார். அதன்பின் எந்தப் பக்கம் ஓட்டினாலும் சக் அசையவில்லை. நீங்களும் தீர்மானத்தை ரத்து செய்யவில்லை, நாங்களும் ஓட்டுவதை நிறுத்தவில்லை.

இன்னொன்று உங்களில் பலருக்குத் தெரியாது. மார்வலி கண்டபின், போன ஒரு வருடமாக அந்த லேத்தில் உளி பிடித்தது காளிச்சாமி அல்ல. சின்னத்தாயி! காளிச்சாமியோ பக்கத்தில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்து, "என்னையவிட நல்லாக் கடையறா பாருங்க பாய்" என்று வாய் ஓயாமல் பெருமையடிப்பார். அந்த வாய் அடங்கிப்போய்விட்டதே! அந்தக் காலி ஸ்டூலைப் பார்க்க எனக்குத் தாங்கவில்லை, தோழர்களே.

சற்றுமுன் தலைவர் அறிவித்தார்: அந்தச் சக்கைக் கழற்றி, முலாம் பூசி, சங்க அலுவலகக் கண்ணாடி அலமாரியில் நினைவுச் சின்னமாக வைக்கப்போகிறார்களாம். கூட்டம் முடிந்ததும் கழற்ற ஆள் வருமாம். நல்ல எண்ணம்தான், இல்லையென்று சொல்லவில்லை. ஆனால் அதன் வாயில் பாதி கடைந்த கட்டை இன்னும் இருக்கிறதே! துடியலூர்ப் பவுண்டரிக்கு வாக்குக் கொடுத்த வேலையாயிற்றே! சங்கதி காதில் விழுந்து இன்று காலையே சின்னத்தாயி ஓடி வந்தார். "பாயண்ணா, சக்கைக் கழட்டிப்போட்டா நான் எங்கீங்க போய்க் கடையறது? எங்க மெஷின் உதறுமுங்களே" என்று கேட்டார். பதில் சொல்லுங்கள்! அலமாரிக்கு ஒரு சின்னம் வேண்டுமா? இந்த அம்மாளுக்குத் தொழில் வேண்டுமா?

உறுதிமொழி எடுப்போம் என்று நோட்டீஸில் போட்டிருக்கிறீர்கள். என் உறுதிமொழி இதுதான்: என் லேத்திலிருந்து அந்தச் சக்கை யாரையும் கழற்ற விடமாட்டேன். உங்கள் உறுதிமொழி என்ன? அந்தத் தடைத் தீர்மானத்தை இப்போதே, இந்தப் படத்துக்கு முன்னாலேயே ரத்து செய்யுங்கள். சம்மதமென்றால் கை தூக்குங்கள்! ஆமாம், அப்படித்தான். பின்வரிசைக்காரர்களே, நன்றாகத் தூக்குங்கள். தலைவரே, நீங்கள்? யோசிக்காதீர்கள்... தூக்கிவிட்டார்! நன்றிங்க, ரொம்ப நன்றி!

என்ன தங்கச்சி, எழுந்துவிட்டீர்கள்? கொஞ்சம் உரக்கச் சொல்லுங்கள். "நாலு மணிக்குக் கரண்டு போயிருமுங்க பாயண்ணா, மௌன அஞ்சலி முடிஞ்சதும் நான் கெளம்பட்டுங்களா" என்று கேட்கிறார்.

அவையோரே, காளிச்சாமிக்காக எல்லோரும் எழுந்து நில்லுங்கள்.

நீங்க நிக்க வேண்டாம், தங்கச்சி. பட்டறை தொறந்துதான் கெடக்குது. போய் மெஷினைப் போடுங்க.