மெதுவா இருமுங்க, மச்சான்

தோழர்களே, கோரிக்கை மனுவை அப்புறம் படிக்கலாம். அதுக்கு முன்னாடி ஒரு சின்னக் கதை சொல்லிடறேன். இதுல ராஜா கிடையாது, மந்திரி கிடையாது. ஒரு அயோக்கியன் உண்டு. அவன்தான் இப்ப மைக்கைப் பிடிச்சு நிக்கிறான்.

மார்ச் மாசம் மாநாட்டுக்கு ரயில்ல போனேன். தூய்மைப் பணியாளருக்குக் கையுறை கொடு, முகமூடி கொடுன்னு தொண்டை கிழியக் கத்தினேன். நீங்க கைதட்டினீங்க. சால்வை போட்டீங்க. அந்தச் சால்வையைப் பையில வச்சுக் கொண்டுவந்தேன்... வழியில மூட்டைப்பூச்சியும் ஏறிக்கிச்சு.

கட்டில், மெத்தை, புள்ளையோட தலகாணி... நம்ம சங்கத்தைவிட வேகமாக் கிளை திறந்துடுச்சு!

என் மனைவி கோமளா, கை முழுக்கத் தடிப்போட வந்து நின்னா. "மாநாட்டுல என்ன சாதிச்சீங்கன்னு யாராவது கேட்டா, இந்தக் கையைக் காட்டவா?"

மருந்து அடிக்கிற கம்பெனிக்குப் போன் போட்டேன். முதல் கம்பெனியில ஒரு அம்மா பேசினாங்க. "ரெண்டு ஆள் வருவாங்க சார். முகமூடி, கையுறை எல்லாம் போட்டுத்தான் அடிப்பாங்க. ஜன்னலைத் திறந்து வைக்கணும். மேல் வீடு, கீழ் வீட்டுக்கும் சொல்லிடுங்க, அங்கயும் பூச்சி இருக்கான்னு பார்த்துடலாம்."

மேல் வீட்டுக்குச் சொல்றதா? எங்க வீட்டுல மூட்டைப்பூச்சின்னா? சங்கத் தலைவர் வீட்டுல? "அப்புறம் கூப்பிடறேம்மா."

ரெண்டாவது கம்பெனிக்காரன் சொன்னான்: "எங்க வண்டியை நீங்க ஈசியாக் கண்டுபிடிச்சிடலாம் சார். பக்கவாட்டுல ஆறடிக்கு மூட்டைப்பூச்சி படம் வரைஞ்சிருக்கும்." வச்சுட்டேன்.

மூணாவது கம்பெனி... குரலே ரகசியமா இருந்துச்சு. "ஒரு ஈ காக்காவுக்குக்கூடத் தெரியாது சார். வண்டியை ரெண்டு தெரு தள்ளி நிறுத்திடுவோம். நம்ம ஆள் உங்க சொந்தக்காரர் மாதிரி வருவார்."

அடடா! இவனல்லவா கம்பெனி!

ஒண்ணும் கேக்காம முடிவு பண்ணிட்டேன்னு நினைக்காதீங்க. நான் பொறுப்பானவன். குழந்தைக்கு ஆகாதான்னு கேட்டேன். தொட்டி மீனுக்கு ஆகாதான்னு கேட்டேன். பால்கனியில இருக்கிற ரோஜாச் செடிக்கு ஆகாதான்னுகூடக் கேட்டேன்.

யாருக்கு ஆகாதான்னு கேக்கலை? ...பொறுங்க, வர்றேன்.

ஞாயித்துக்கிழமை காலையில சகாயராஜ்னு ஒருத்தர் வந்தார். இஸ்திரி போட்ட சட்டை, தோள்ல ஊருக்குப் போற பை, கையில ஒரு சீப்பு வாழைப்பழம். விருந்தாளின்னா வெறுங்கையோட வருவாங்களா? கம்பெனியோட ஏற்பாடு!

மாடிப்படியில மேல் வீட்டு இன்பராஜ் சார் பார்த்துட்டார். "யாரு தம்பி, சொந்தமா?"

"ஆமா சார். மச்சான்."

"ஓ... மச்சானா?" அவர் முகம் ஒரு மாதிரி ஆச்சு. விறுவிறுன்னு ஏறிப் போயிட்டார். எனக்கு விளங்கலை.

மருந்து வாசம் வெளிய போகக்கூடாதுன்னு எல்லா ஜன்னலையும் நானே என் கையால சாத்தினேன். நாங்க வெளிய படியில உக்காந்தோம். கோமளா மடியில புள்ள. என் மடியில மீன் தொட்டி.

கொஞ்ச நேரத்துல உள்ள இருமல். விட்டு விட்டு வந்துச்சு. அப்புறம் விடாம வந்துச்சு.

நான் என்ன பண்ணினேன் தெரியுமா? கதவுகிட்ட வாயை வச்சுச் சொன்னேன்... "மெதுவா இருமுங்க, மச்சான். வெளிய கேக்குது."

சிரிக்கிறீங்க. சிரிங்க. கோமளா சிரிக்கலை. "தூ!"ன்னா. புள்ளையைத் தூக்கி என் தோள்ல போட்டுட்டு, கதவைத் தள்ளிக்கிட்டு உள்ள ஓடினா. ஜன்னலை எல்லாம் திறந்து, அவர் கையைப் பிடிச்சு வெளிய கூட்டி வந்தா. கண்ணு ரெண்டும் மிளகாப்பழம். வாயில ஒரு கைக்குட்டை, அவ்வளவுதான்.

"முகமூடி எங்கண்ணா?"

"வண்டியில இருக்குக்கா. வண்டி ரெண்டு தெரு தள்ளி நிக்குது. இந்தப் பையில மருந்து டப்பாவும் பம்பும்தான் கொள்ளும். முகமூடியோட ஏறி வந்தா நாலு பேருக்குத் தெரிஞ்சுடும்ல?"

"அதுக்காக நீங்க சாகறதா?"

அவர் மூச்சு வாங்கிக்கிட்டே சிரிச்சார். "பழகிடுச்சுக்கா. இந்த பில்டிங்ல இது நாலாவது வீடு. போன மாசம் மேல் வீட்டுக்கு நான் சித்தப்பா பையன். கீழ் வீட்டுக்குச் சம்பந்தி. இவங்க அடிச்சா பூச்சி மேல போகும், அவங்க அடிச்சா கீழ வரும். எல்லாரும் சேர்ந்து ஒரே நாள்ல அடிச்சா ஒழியும்... யார் யார்கிட்டச் சொல்றது?"

இன்பராஜ் சார் முகம் ஏன் அப்படி ஆச்சுன்னு இப்ப விளங்குதா? அவரோட சித்தப்பா பையன் எனக்கு மச்சான்!

அப்புறம் சகாயராஜ் ஒண்ணு சொன்னார். கோபமா இல்ல, சும்மா சொன்னார். "இந்த பில்டிங் முழுக்க எனக்குச் சொந்தம் சார். ஒரு வீட்டுலயும் இதுவரைக்கும் தண்ணி குடிச்சதில்லை."

கோமளா சொம்பு எடுத்துட்டு வந்தா. நின்னுக்கிட்டே குடிச்சார். நான் மன்னிச்சுக்கங்கன்னு என்னமோ முனகினேன். மாநாட்டுல கேட்ட குரல் இல்ல அது. அவர் பையை மாட்டிக்கிட்டு, படியில இறங்கும்போது திரும்பிப் பார்த்து, நாலு வீட்டுக்கும் கேக்கிற மாதிரி சத்தமாச் சொன்னார்:

"வர்றேன்... மச்சான்!"

கதை அவ்வளவுதான் தோழர்களே. அதுக்கு என்ன அர்த்தம்னு நானே சொல்லிடறேன், இல்லன்னா பக்கத்து வீட்டுக்காரனைப் பத்திச் சொல்றேன்னு நினைச்சுக்குவீங்க. அரசாங்கத்துக்கிட்ட முகமூடி கேக்க எனக்குத் தொண்டை இருந்துச்சு. என் வீட்டுக்குள்ள வந்த ஒருத்தருக்கு முகமூடி வேணாம்னு சொன்னது என் கௌரவம். மீனைக் காப்பாத்தினேன். செடியைக் காப்பாத்தினேன். மனுஷனை மெதுவா இருமச் சொன்னேன்.

இந்தக் கூட்டத்துல எத்தனை பேர் வீட்டுல பூச்சி இருக்கு? கை தூக்குங்க பார்ப்போம்... ஒருத்தர்கூட இல்லையா? நல்ல சுத்தமான கூட்டம்!

கம்பெனிக்குப் போன் போடும்போது குழந்தையைப் பத்திக் கேளுங்க, மீனைப் பத்தியும் கேளுங்க. ஆனா முதல் கேள்வி இதுவா இருக்கட்டும்: "வர்றவர் என்ன போட்டுக்கிட்டு அடிப்பார்?" அப்புறம் மேல் வீட்டுக் கதவைத் தட்டிச் சொல்லுங்க, எங்க வீட்டுல மூட்டைப்பூச்சின்னு. நான் போய்த் தட்டினேன். இன்பராஜ் சார் கதவைத் திறந்து, என்னை மேலயும் கீழயும் பார்த்துட்டு, "உள்ள வாங்க... சொந்தக்காரங்க ஆயிட்டோமே"ன்னார்.

கை இன்னும் யாரும் தூக்கலை. நான் தூக்கறேன்.