பாலுசெட்டி சத்திரம் தாண்டும் வரை

பெயர்: ஜயஸ்ரீ. வயது: 29. கணவர் பெயர்: ரகுநந்தன். தொழில்: தட்டச்சுப் பயிலகத்தில் ஆசிரியை. முகவரி: தேரடிப் பின்தெரு, ஸ்ரீபெரும்புதூர். நாள்: 14.7.1991, ஞாயிற்றுக்கிழமை. விசாரித்து எழுதுபவர்: தலைமைக் காவலர் இராமச்சந்திரன்.

கணவர் பெயர் என்ற இடத்தில் ஏட்டு ஐயா முதலில் ‘விசாரணையில்’ என்று எழுதினார். நான் அதை அடிக்கச் சொன்னேன். அவரும் அடித்துவிட்டு, மேலே இருப்பதுபோல் எழுதினார்.

நான் மேற்கண்ட முகவரியில் என் கணவர், மாமனார் திருநாராயணன், மாமியார் பெருந்தேவி, மைத்துனர்கள் குடும்பங்கள் ஆகியோருடன் கூட்டாக வசித்து வருகிறேன். மாமனார் கோயில் கைங்கர்யத்தில் இருப்பவர். என் கணவர் பென்னலூர் பக்கம் ஒரு தொழிற்சாலையில் ஸ்டோர்ஸில் வேலை செய்கிறார். எங்கள் வீட்டில் மொத்தம் இரண்டு அறைகள்தான். கல்யாணமாகி ஆறு வருஷத்தில் நானும் அவரும் குரலைத் தாழ்த்தாமல் பேசிய பேச்சை விரல்விட்டு எண்ணிவிடலாம். சேர்ந்து கடைத்தெருவுக்குக் கிளம்பினால்கூட ஓரகத்தியின் பெண்ணை யாராவது கூடவே அனுப்பிவிடுவார்கள். நான் வேலைக்குப் போவதே மாமனாருக்குப் பிடிக்கவில்லை. ஏதாவது ஒரு பேச்சு வந்தால் நான் பயிலகத்துக்குப் போவதை நிறுத்திவிடுவதாக இரண்டு முறை சொல்லியிருக்கிறார்.

இதனால் நாங்கள் ஒரு வழக்கம் வைத்துக்கொண்டோம். மாதத்தில் ஒரு ஞாயிறு அவர் ஓ.டி. என்று சொல்லிவிட்டுக் காலையிலேயே போவார். அதன் பிறகு நான் காஞ்சிபுரத்தில் தேர்வு வேலை என்று சொல்லிவிட்டுக் கிளம்புவேன். அவர் பென்னலூரில் வேலூர் பேருந்தில் ஏறுவார். அதே பேருந்தில் நான் ஸ்ரீபெரும்புதூரில் ஏறுவேன். எங்கள் ஊர்க்காரர்கள் பாதிப் பேர் காஞ்சிபுரம் போகிறவர்கள் என்பதால், பாலுசெட்டி சத்திரம் தாண்டும் வரை நான் அவருக்கு யாரோ, அவர் எனக்கு யாரோ. பெண்கள் இருக்கையில் நான், பின்னால் ஆண்கள் பக்கம் அவர். சத்திரம் தாண்டியதும் என் பக்கத்து இருக்கை காலியானால் அவர் எழுந்து வந்து, “நீங்கோ எது வரைக்கும் போறேள்?” என்று கேட்பார். வீட்டில் என்னை ‘நீ’ என்கிறவர் அங்கே ‘நீங்கோ’ போடுவார். “நீங்கோ எது வரைக்குமோ, அது வரைக்கும்” என்பேன். ஏட்டு ஐயா இதெல்லாம் எழுத வேண்டுமா என்று கேட்டார். எழுதத்தான் வேண்டும் என்றேன்.

இப்படி நாங்கள் அரக்கோணம், ஒகேனக்கல், ஓசூர் எல்லாம் போயிருக்கிறோம். என் அம்மா வீட்டுக்குப் போவதாகச் சொல்லி ஒருமுறை குண்டக்கல் வரைக்கும்கூடப் போனோம். போய் அங்கே என்ன செய்வீர்கள் என்று இன்ஸ்பெக்டர் ஐயா கேட்டார். ஒன்றும் செய்யமாட்டோம். என் கணவருக்குச் சத்தங்களைப் பதிவு செய்வதில் பைத்தியம். டேப் ரிகார்டரும் மைக்கும் பேட்டரிகளும் ஒரு ரெக்சின் பையில் இருக்கும். ரயில் இஞ்சின், இரும்புப் பாலம், சந்தை எல்லாம் பிடிப்பார். இன்று ஜோலார்பேட்டையில் ரயிலுக்கு இஞ்சினைக் கழற்றி மாட்டும் சத்தத்தைப் பிடிப்பதாக இருந்தது. எனக்கு இருக்கும் பொழுதுபோக்கு வேறு. பேருந்தில் பக்கத்தில் உட்காருகிறவர்களிடம் என்னைப் பற்றிப் புதுசு புதுசாகப் பொய் சொல்வேன். ஒரு நாள் நர்ஸ், ஒரு நாள் தங்கைக்கு மாப்பிள்ளை பார்க்கப் போகிற அக்கா. யாருக்கும் கெடுதலில்லாத பொய்கள்தான். ஒரு நாள் முழுக்க ஜயஸ்ரீயாக இல்லாமல் இருப்பது எனக்கு மூச்சு விடுவதுபோல் இருக்கும்.

இன்று காலை நான் ஏறியபோது பேருந்தில் நல்ல கூட்டம். என் பக்கத்தில் கனகம் என்ற அம்மாள் உட்கார்ந்திருந்தார். எங்கே போகிறாய் என்று கேட்டார். என் வீட்டுக்காரர் மஸ்கட்டில் இருக்கிறார், வேலூரில் அவருடைய நண்பரைப் பார்த்து ஒரு சாமான் வாங்கி வரப் போகிறேன் என்று சொன்னேன். அவர் ‘ஐயோ பாவம்’ என்று எனக்கு ஒரு கொய்யாப்பழம் கொடுத்தார்.

அதன் பிறகு பேருந்து சுங்குவார்சத்திரத்தில் நின்று கிளம்பியது. கிளம்பிய குலுக்கலில் மேல் பலகையில் இருந்த ரெக்சின் பை சரிந்து, அதன்மேல் யாருடைய பெட்டியோ சாய்ந்தது. அதில் டேப்பின் பொத்தான் அழுந்தியிருக்க வேண்டும். பைக்குள்ளிருந்து டக் டக் டக் என்று விடாமல் சத்தம் வர ஆரம்பித்தது. மே மாதம் எங்கள் ஊரில் நடந்த குண்டுவெடிப்புக் கொடுமைக்குப் பிறகு கேட்பாரற்ற பையைப் பார்த்தாலே நாங்களெல்லாம் பத்தடி தள்ளித்தான் போவோம். கண்டக்டர், “யோவ், யார் பைய்யா இது? உள்ள இன்னாமோ ஓடினுகீது!” என்று கத்தினார். குழந்தைகளைத் தூக்கிக்கொண்டு எல்லோரும் முன்னால் முட்டி மோதினார்கள். டிரைவர் ஓரம் கட்டினார்.

எனக்கு மட்டும் அந்தச் சத்தம் என்னவென்று தெரிந்துவிட்டது. பயிலகத்தில் நான் அடிக்கும் பழைய தட்டச்சு இயந்திரத்தின் சத்தம் அது. வரி முடிந்ததும் மணி அடிக்கும். பைக்குள்ளிருந்தும் அந்த மணி அடித்தது. மணி அடித்ததும் ஜனங்கள் இன்னும் அலறினார்கள். அவர் எப்போது வந்து ஜன்னலுக்கு வெளியே நின்று அதைப் பதிவு செய்தார் என்று எனக்குத் தெரியாது. என்னிடம் சொன்னதே இல்லை. அந்தக் களேபரத்திலும் எனக்கு நெஞ்சு நிறைந்துபோயிற்று என்பதையும் எழுதிக்கொள்ளுங்கள்.

அதன் பிறகு என் கணவர் எழுந்து, “என்னுதுதான், என்னுதுதான், பயப்படாதீங்க” என்று சொல்லிக்கொண்டே பையைத் திறக்கக் கையை நீட்டினார். அதுதான் தப்பாகிப் போனது. செங்கல் சூளை மேஸ்திரி பரசுராமன் என்பவர், “தொறக்க வுடாத! புடி அவனை!” என்று அவர்மேல் பாய்ந்தார். மற்றவர்களும் சேர்ந்து அவரைக் கீழே தள்ளி, கைகளைப் பின்னால் முறுக்கி, அடித்தார்கள். மூக்கிலிருந்து ரத்தம் வந்தது. கண்ணாடி நொறுங்கியது. நான் ஆட்களை விலக்கிக்கொண்டு போய், “அடிக்காதீங்கோ, அவர் என் ஆத்துக்காரர்” என்று கத்தினேன்.

கனகம் அம்மாள் என் கையைப் பிடித்து, “இன்னாம்மா பேசற நீ? உம் புருஷன் மஸ்கட்ல கீறான்னு இப்பதான சொன்ன?” என்றார். எல்லோரும் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். பரசுராமன் என் கணவரின் தலைமுடியைப் பிடித்துத் தூக்கி, “டேய், இந்தம்மா யாரு?” என்று கேட்டார். என் கணவர் என்னைப் பார்த்தார். பார்த்துவிட்டு, “யாருன்னு எனக்குத் தெரியாது. பாவம், அவங்கள விடுங்க” என்றார்.

பின்னர் பேருந்தோடு எங்களை இந்த நிலையத்துக்குக் கொண்டுவந்தார்கள். இங்கே பையைச் சோதித்து, டேப் ரிகார்டர்தான் என்று தெரிந்துகொண்டார்கள். ஆனாலும் மைக், ஒயர், இத்தனை ஊர்ச் சத்தங்கள் எல்லாம் எதற்கு என்ற கேள்வி இருக்கிறது. மனைவி என்று ஒருத்தி சொல்ல, தெரியாது என்று இவர் மறுப்பது ஏன் என்ற கேள்வி அதைவிடப் பெரிதாக இருக்கிறது. உண்மை தெரியும் வரை அவரை விட முடியாது, மேலிடத்துக்கு அனுப்ப வேண்டிவரும் என்று இன்ஸ்பெக்டர் ஐயா சொன்னார். நீ வேண்டுமானால் வீட்டுக்குப் போகலாம் அம்மா என்றும் சொன்னார். நான் போகவில்லை.

அவர் ஏன் தெரியாது என்று சொல்கிறார் என்பது எனக்குத் தெரியும். நான் இந்தப் பேருந்தில் இருந்ததாக வீட்டுக்குத் தெரிந்தால் பயிலகம் போய்விடும், ஞாயிற்றுக்கிழமையும் போய்விடும். தன் மூக்கு உடைந்தாலும் என் ஞாயிற்றுக்கிழமை உடையக்கூடாது என்று அவருக்கு எண்ணம். எனக்கு அவர்மேல் கோபம் கோபமாக வருகிறது. என்னைக் கேட்காமல் எனக்காக இப்படி முடிவு செய்ய இவர் யார்?

அதன் பிறகு இன்ஸ்பெக்டர் ஐயா அந்த டேப்பை மறுபடி ஓடவிட்டார். தட்டச்சுச் சத்தத்துக்கு நடுவே ஒரு பெண் குரல், “பாஞ்சாலி, முதுகை நிமிர்த்து உட்காரு! விரலைப் பாக்காதேன்னு எத்தனை தடவை சொல்றது!” என்று அதட்டியது. ஏட்டு ஐயா எழுதுவதை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார். சற்று முன்புதான் ‘விசாரணையில்’ என்ற சொல்லை அடிக்கச் சொல்லி அவரையும் இதே குரலில் அதட்டியிருந்தேன். பாஞ்சாலி என் மாணவி.

உடனே என் கணவரை உள்ளிருந்து அழைத்து வந்தார்கள். குரல் யாருடையது என்று கேட்டார்கள். அவர், “கடைத்தெருவுல ஏதோ ஒரு குரல், சார். இவங்களை எனக்குத் தெரியாது. அனுப்பிடுங்கோ” என்றார். தரையைப் பார்த்தபடியே சொன்னார். என் மாமனாரை அழைத்துவரக் காவலர் முனிரத்தினம் ஏற்கனவே போயிருந்தார். அவர் வந்தால் மகனை அடையாளம் காட்டுவார், மருமகள் இங்கே இருப்பதையும் பார்ப்பார். அது தெரிந்துதான் நான் உட்கார்ந்திருந்தேன். அவர் வந்து சொல்லித்தான் நான் இவருக்கு மனைவி ஆக வேண்டும் என்பதில்லை.

நான் எழுந்து என் கணவருக்கு எதிரே போய் நின்றேன். “பாலுசெட்டி சத்திரம் தாண்டியாச்சு” என்றேன்.

அவர் தரையையே பார்த்துக்கொண்டிருந்தார். நான் இன்னும் உரக்க மறுபடி சொன்னேன். அவர் தலையைத் தூக்கினார். கண்ணாடி இல்லாததால் கண்களை இடுக்கிக்கொண்டு பார்த்தார். வீங்கிய உதட்டோடு, “நீங்கோ எது வரைக்கும் போறேள்?” என்று கேட்டார்.

நான் பதில் சொன்னேன். அது என்னவென்று இந்த வாக்குமூலத்தில் முன்பே எழுதியிருக்கிறது.

அதன் பிறகுதான் வாசல் பக்கம் திரும்பினேன். காவலர் முனிரத்தினத்தோடு என் மாமனார் அங்கே நின்றுகொண்டிருந்தார். எப்போது வந்தார் என்று தெரியாது, கேட்டிருக்கிறார் என்பது முகத்தில் தெரிந்தது. நான் குரலைத் தாழ்த்தவில்லை.

ஏட்டு ஐயா எழுதியதை எனக்குப் படித்துக் காட்டினார். வீட்டிலும் கனகம் அம்மாளிடமும் சொன்ன பொய்களைத் தவிர இன்று நான் சொன்னது அத்தனையும் நிஜம். எவருடைய மிரட்டலுக்கும் ஆளாகாமல், என் மாமனார் பார்த்துக்கொண்டிருக்கும்போதே இதில் கையெழுத்துப் போடுகிறேன்.

(ஒப்பம்)
ஜயஸ்ரீ ரகுநந்தன்