ஊர்வலத்துக்கு எதுக்குப் படுதா

மார்லேனி: இழுக்காதே... இழுக்காதேங்கறேன்ல. பின்னால வாரை இன்னும் அவுக்கவே இல்ல.

ஒவீதியோ: இருபது வருஷமா இந்த ஜீப்பை ஓட்டுறவன் நான். படுதா கழட்ட எனக்கே சொல்லித் தர்றியா?

மார்லேனி: ஓட்டத் தெரியும் உனக்கு. கழட்டத் தெரியாது. போன வருஷம் ஜீப் ஊர்வலத்தன்னிக்கு இதே மாதிரி முன்னால நின்னு இழுத்து, பழைய படுதாவை ரெண்டாக் கிழிச்சது யாரு?

ஒவீதியோ: அது இத்துப்போன துணி.

மார்லேனி: இது புதுத்துணி. நான் தச்சது. கிழிஞ்சுதுனா உன் தோலை உரிச்சுத்தான் ஒட்டுப் போடுவேன்.

ஒவீதியோ: சரி தாயே. எங்கேருந்து ஆரம்பிக்கணும்? உத்தரவு போடு.

மார்லேனி: முதல்ல பின்திரை ஜிப்பு. அப்புறம் ரெண்டு பக்கத்து வாரு. அப்புறம் பட்டன். முன்கண்ணாடிக்கு மேல துணியைச் செருகியிருக்கு பாரு, அந்தக் காடி... அதைக் கடைசியாத்தான் தொடணும். மாட்டும்போது இதுக்கு நேர்தலைகீழ். காடிதான் முதல்ல.

ஒவீதியோ: நீ உத்தரவு போட்டு முடிக்கறதுக்குள்ள ஊர்வலமே முடிஞ்சிரும். மேலத்தெரு ஹில்தார்தோ நேத்தே அவன் ஜீப்புல கட்டிலை ஏத்தி, அதுமேல அலமாரியை நிறுத்தி, உச்சியில கோழிக்கூண்டையும் கட்டிட்டானாம்.

மார்லேனி: கட்டட்டும். அவன் ஏத்துறது பூரா இரவல் சாமான். போன வருஷம் அவன் மெத்தைக்குள்ள அட்டைப்பெட்டிதான் இருந்துது. நடுவருங்க என்ன கண்ணில்லாதவங்களா? ஒரு குடும்பம் நெசமாவே வீட்டைக் காலி பண்ணிட்டு ஜீப்புல கிளம்பிப் போற மாதிரி இருக்கணும். அதுக்குத்தான் பரிசு.

ஒவீதியோ: அப்ப இந்த வருஷம் பரிசு நமக்குத்தான்.

மார்லேனி: ஏன் அப்படிச் சொல்ற?

ஒவீதியோ: சும்மா ஒரு நம்பிக்கைதான்... இந்தா, ஜிப்பு வந்திருச்சு. பின்திரையை மடிச்சிரவா?

மார்லேனி: மடிக்காதே. அதுல பிளாஸ்டிக் ஜன்னல் இருக்கு. மடிச்சா கோடு விழுந்துரும். அப்புறம் பின்னால பஸ்ஸே வந்தாலும் உனக்குத் தெரியாது. நடுவுல துண்டைப் போட்டு அப்படியே சுருட்டு... அந்தத் துண்டு இல்லய்யா, அது எண்ணெய்த் துண்டு. இந்தா இது.

ஒவீதியோ: இது... அம்மா விருந்தாளிக்குனு பூட்டி வச்சிருந்த துண்டாச்சே.

மார்லேனி: என் கல்யாணத்துக்கு எங்க அக்கா குடுத்தது. உங்கம்மா எடுத்து வச்சுக்கிட்டாங்க. இன்னிக்கு நான் எடுத்துக்கிட்டேன்.

ஒவீதியோ: அடேங்கப்பா.

மார்லேனி: மெதுவாப் பேசு. அத்தை அடுப்படியில இருக்காங்க.

ஒவீதியோ: அரேப்பா சுடுறாங்க. கையில சோளமாவு இருந்தா அவங்களுக்கு உலகமே தெரியாது.

மார்லேனி: அவங்களுக்கா? நான் சர்க்கரை டப்பாவைத் திறந்தா அடுத்த தெருவுலேருந்து கேட்கும் அவங்களுக்கு.

ஒவீதியோ: ஆரம்பிச்சுட்டியா...

மார்லேனி: ஆரம்பிக்கல. நல்லவங்கதான். என்னை ஒரு வார்த்தை சுடுசொல் சொன்னதில்ல. ஆனா அந்த அடுப்படியில ஒரு சட்டியை எங்க மாட்டணும்னு இன்னிக்கு வரைக்கும் நான் முடிவு பண்ணினதில்ல. திரைச்சீலை என்ன நிறம்னு நான் முடிவு பண்ணினதில்ல. அது அவங்க வீடு ஒவீதியோ. எனக்குனு ஒரு வீடு வேணும். உன்கிட்ட எத்தனை தடவை கேட்டிருப்பேன்?

ஒவீதியோ: அறுவடை முடியட்டும்னு சொன்னேன்ல.

மார்லேனி: எந்த அறுவடை? காப்பி வருஷத்துக்கு ரெண்டு தடவை காய்க்குது. நீ ஒவ்வொரு தடவையும் அடுத்ததைக் கையைக் காட்டுற.

ஒவீதியோ: அம்மாகிட்ட எந்த வாயை வச்சுக்கிட்டுப் போய்ச் சொல்றது... இந்தப் பக்கத்து வார் வரமாட்டேங்குது பாரு.

மார்லேனி: அந்தப் பக்கத்தை நீ இழுத்துப் பிடிச்சிருக்க. அதை விடு முதல்ல. ஒரு பக்கத்தை இறுக்கினா மறுபக்கம் எப்படி வரும்?

ஒவீதியோ: அதைத்தான் நானும் ரொம்ப நாளாச் சொல்றேன்.

மார்லேனி: நீ படுதாவைப் பத்திப் பேசு.

ஒவீதியோ: படுதாவைப் பத்தித்தான் பேசுறேன்... ம், வந்திருச்சு. உருவிட்டேன். வளைவுக் கம்பியைப் பின்னால சாய்க்கவா?

மார்லேனி: துணியை எடுத்துட்டுச் சாய். இல்லேன்னா கம்பி நடுவுல சிக்கிக்கிட்டுக் கிழிக்கும். அந்த முனையைப் பிடி. ரெண்டு ஓரத்தையும் நடுவுக்குக் கொண்டா. தட்டு... ஈரம் இருக்கா?

ஒவீதியோ: பனி ஈரம்தான்.

மார்லேனி: அதுவும் ஆகாது. துடை. ஈரத்தோட மடிச்சு வச்சா நாலு நாள்ல பூஞ்சை பிடிச்சுரும்.

ஒவீதியோ: துடைச்சாச்சு, மடிச்சாச்சு. போதுமா? குடோன்ல வச்சுட்டு வந்துர்றேன்.

மார்லேனி: குடோன்ல வேணாம். வண்டியிலயே வை.

ஒவீதியோ: ஊர்வலத்துக்கு எதுக்குப் படுதா? கலார்க்கா சதுக்கத்தை ஒரு சுத்து சுத்தினா வீட்டுக்கு வந்திரப் போறோம்.

மார்லேனி: மழை வந்தா?

ஒவீதியோ: வந்தா எல்லாரும் நனைவாங்க. சாமானை மாடி உயரத்துக்கு அடுக்கிட்டு, படுதாவை எது மேல போடுவ?

மார்லேனி: ஊர்வலம் முடிஞ்சதும் கட்டிலைப் பிரிச்சு அடியில படுக்கப் போட்டா, மத்ததெல்லாம் உள்ளயே அடங்கிரும். அதுக்கு மேல மாட்டலாம். அளந்து பாத்துட்டேன்.

ஒவீதியோ: ஏன் அளந்தே?

மார்லேனி: ...சும்மா.

ஒவீதியோ: சும்மாவா... சரி. தையல் மெஷினை ஏத்தியிருக்க. சிலந்திவலை பிடிச்ச பழசு ஒண்ணு குடோன்ல கிடக்கு. ஊர்வலத்துக்கு அது போதாதா? தினமும் தைக்கிற மெஷினை எதுக்கு ஏத்தினே?

மார்லேனி: நெசமா இருக்கணும்னு சொன்னேன்ல.

ஒவீதியோ: திரு இருதயப் படத்தை மட்டும் ஏத்தலையே. சாமி படம் இல்லாத வீடு ஏது? நடுவர் முதல்ல அதைத்தான் தேடுவாரு.

மார்லேனி: அது உங்கம்மா படம். என் சாமானை மட்டும்தான் ஏத்தியிருக்கேன்.

ஒவீதியோ: மார்லேனி.

மார்லேனி: என்ன?

ஒவீதியோ: இந்தச் சாமான் திரும்பி வருமா?

மார்லேனி: ...வராது.

ஒவீதியோ: ம்.

மார்லேனி: கேட்டுட்டேல்ல. கேளு, முழுசாச் சொல்லிர்றேன். ஃபிலாந்தியா ஊர்ல, பேக்கரிக்குப் பின்னால ரெண்டு அறை. சின்ன அடுப்படி. ஜன்னலைத் திறந்தா மலை. சாவி என் பையில இருக்கு. நீ அங்கேருந்தும் வண்டி ஓட்டலாம், காப்பித் தோட்டத்துக்கு ஆள் ஏத்தலாம். அங்க என்ன ஜீப்புக்கா பஞ்சம்? உன் தங்கச்சி இங்க பக்கத்துத் தெருவுலதான் இருக்கா, அத்தையைப் பாத்துப்பா. நாம ஞாயித்துக்கிழமை ஞாயித்துக்கிழமை வந்துரலாம்.

ஒவீதியோ: ஊர்வலத்தன்னிக்குத்தான் நேரம் கிடைச்சுதா?

மார்லேனி: வேற என்னிக்குச் சாமானைத் தூக்கினாலும் தெருவே வந்து, எங்க போற, ஏன் போறனு கேட்கும். இன்னிக்குக் கட்டிலோட போனா கையைத் தட்டுவாங்க.

ஒவீதியோ: நான் வரலைனா?

மார்லேனி: அதுக்குத்தான் இந்தப் படுதாவைத் தனியா மாட்டப் பழகிக்கிட்டேன்.

ஒவீதியோ: அப்ப வண்டி?

மார்லேனி: வண்டியை நாளைக்கே திருப்பிக் கொண்டாந்து விட்டுருவேன். உன் பிழைப்புல கை வைக்க மாட்டேன். ஆனா இன்னிக்குப் போறது போறதுதான். பயமா இருக்கு ஒவீதியோ, இருந்தாலும் போறேன்.

ஒவீதியோ: எப்பப் பழகினே?

மார்லேனி: ஞாயித்துக்கிழமை மத்தியானம். நீ தூங்கும்போதெல்லாம்.

ஒவீதியோ: நான் எங்க தூங்கினேன்.

மார்லேனி: என்னது?

ஒவீதியோ: ஜன்னல் வழியாப் பாத்துக்கிட்டுத்தான் இருந்தேன். முதல் தடவை இடது பக்கத்தை இறுக்கிக் கட்டிட்டு, வலது பக்கம் எட்டலைனு டயரை எட்டி உதைச்சே. அப்புறம் ஒத்தைக் கால்ல நொண்டினே.

மார்லேனி: அடப்பாவி. பாத்துக்கிட்டுச் சும்மாவா இருந்தே?

ஒவீதியோ: அடுத்த வாரம் எல்லா வாரையும் தளர்வா மாட்டிட்டு, கடைசியா ஒவ்வொண்ணாச் சுத்திச் சுத்தி வந்து இறுக்கினே. கண்ணாடி மாதிரி நின்னுச்சு படுதா. சரி, இவ இனிமே இந்த வீட்டுல நிக்க மாட்டானு தெரிஞ்சுபோச்சு.

மார்லேனி: அப்பவே தெரியுமா உனக்கு?

ஒவீதியோ: அதுக்கு முன்னாடியே. வளைவுக் கம்பியை ஒரு சாண் உசத்தணும்னு பட்டறைக்குக் கொண்டு போனேல்ல? நான் வண்டியைத் திருப்பி எடுக்கப் போனப்ப, எதுக்குய்யா இவ்வளவு உசரம், வீடு மாறப் போறீங்களானு பட்டறைக்காரன் என்னைத்தான் கேட்டான். ஆமானு சொன்னேன்.

மார்லேனி: ஆமானு சொன்னியா?

ஒவீதியோ: வாய் தவறி வந்துருச்சு. வந்தப்புறம், அது எனக்கே பிடிச்சிருந்துது.

மார்லேனி: என்கிட்டச் சொல்ல வேண்டியதுதானே?

ஒவீதியோ: சொன்னா, அம்மாகிட்ட யார் சொல்றதுனு அடுத்து கேட்பே... சரி, அந்தக் காப்பிக்கொட்டை மூட்டையை ஏத்து.

மார்லேனி: நீ ஏத்து. கனம்.

ஒவீதியோ: தூக்கித்தான் பாரேன்.

மார்லேனி: ...என்ன இது, பஞ்சு மாதிரி இருக்கு? கொட்டை எங்க?

ஒவீதியோ: உள்ள கையை விடு.

மார்லேனி: துணி... இது உன் நீலச் சட்டை. இது ஞாயித்துக்கிழமைச் சட்டை. ஒவீதியோ...

ஒவீதியோ: அடியில ரேசர் இருக்கும், பாத்து. கையைக் கிழிச்சுக்காதே.

மார்லேனி: உன்னை... இவ்வளவு நேரம் என்னைப் பேச விட்டு வேடிக்கை பாத்திருக்க.

ஒவீதியோ: ஒரு வாரமா இந்த மூட்டை அங்கேயேதான் இருக்கு. நீ தூக்கிப் பாப்பேனு பாத்தேன். நீ படுதாவையே கட்டிக்கிட்டு அழுதே.

மார்லேனி: அழல. கண்ணுல தூசி... சரி, அத்தைகிட்ட?

ஒவீதியோ: ஊர்வலம் முடிஞ்சதும் சதுக்கத்துல வச்சுச் சொல்லிரலாம். அவ்வளவு கூட்டத்துல அம்மா அழமாட்டாங்க.

மார்லேனி: கோழை.

ஒவீதியோ: கோழைதான். ஆனா மூட்டை கட்டின கோழை. ...உஷ், வர்றாங்க.

ரோசால்பா: என்ன, புருஷனும் பொண்டாட்டியுமா மூட்டைக்குள்ள கையை விட்டுக்கிட்டு நிக்கிறீங்க?

ஒவீதியோ: கொட்டையில பூஞ்சை பிடிச்சிருக்கானு பாக்குறோம்மா.

ரோசால்பா: பிடிச்சிருக்கா?

மார்லேனி: இல்லத்தை. நல்லாத்தான் இருக்கு.

ரோசால்பா: இந்தாங்க, அரேப்பா. சூட்டோட சாப்பிடுங்க. வழிக்கும் கொஞ்சம் கட்டியிருக்கேன். வாசல் வரைக்கும் உரலை உருட்டிட்டு வந்துட்டேன், அதுக்கு மேல என்னால ஆகல. அதையும் ஏத்திருங்க.

மார்லேனி: உரலா? உங்க சோள உரலா?

ரோசால்பா: வீட்டுச் சாமான்னு சொல்லிட்டு உரல் இல்லாமப் போனா நடுவர் சிரிப்பாரு.

மார்லேனி: வேணாம் அத்தை. அதை நீங்க யாருக்கும் ஒரு நாள் இரவல் குடுத்ததில்ல. திரும்பி வரும்போது உருண்டு கிருண்டு உடைஞ்சுதுனா...

ரோசால்பா: திரும்பி வரும்போதா?

மார்லேனி: ...ஆமா.

ரோசால்பா: கட்டை உரல் உடையாது. கட்டிலுக்கு அடியில, நடு மையத்துல வை. அப்பத்தான் ஏத்தத்துல வண்டி முன்சக்கரத்தைத் தூக்காது. ஏண்டா, படுதா எங்க?

ஒவீதியோ: அதைக் குடோன்ல வச்சிரலாம்னு...

ரோசால்பா: குடோன்ல வச்சு யாருக்கு? கைக்கு எட்டுற இடத்துல வை. ஃபிலாந்தியாவுல மத்தியானமே மழை பிடிச்சுக்கும்.

ஒவீதியோ: அம்மா...

மார்லேனி: அத்தை, ஃபிலாந்தியானு நாங்க உங்ககிட்டச் சொல்லவே இல்லையே.

ரோசால்பா: சாவியைக் குடுக்கறதுக்கு முன்னாடி அந்தப் பேக்கரிக்காரி எனக்குத்தான் போன் போட்டா, உங்க மருமக எப்படிப்பட்டவனு. அவ கை பட்ட வீடு நல்லா இருக்கும், யோசிக்காமக் குடுனு சொல்லிட்டு, போனை வச்சப்புறம் அடுப்படியில உக்காந்து ஒரு பாட்டம் அழுதேன். அதெல்லாம் அழுது முடிச்சாச்சு, சதுக்கத்துல பாக்கி எதுவும் இல்ல. வாங்க, ரெண்டு பேருமா வந்து அந்த உரலை ஒரு கை பிடிங்க.