வெட்டி எடுத்த சிரிப்பு

– கதவ அழுத்திச் சாத்துங்க மச்சான். ரோட்டுச் சத்தம் உள்ள வந்துரும்.

– சாத்திட்டேன். இது என்ன ரெக்கார்டிங் ரூமா, சவப்பெட்டியா... சரி, வாய் தவறி வந்திருச்சு.

– பரவால்ல. அந்த நாற்காலி வேணாம், கிரீச்சுங்கும்.

– நின்னுக்கிறேன். நேத்து போன்ல கேட்டேனே, எடுத்து வெச்சீங்களா?

– என்னத்த?

– தெரியாத மாதிரி கேக்காதீங்க மாப்ள. தங்கச்சி சிரிப்பு. உங்க காமெடி நிகழ்ச்சியில ஜனங்க சிரிக்கிற சத்தத்துக்கு நடுவுல வருதே.

– அத்தன பேர் சிரிக்கிறதுல அவளுதுன்னு எப்படிக் கண்டுபிடிச்சீங்க?

– நானா? என் போன் அடிச்சாலே எனக்குத் தெரியாது. அம்மாதான். 'நம்ம பாப்பா'ன்னாங்க. மாத்திரை பண்ற வேலைன்னு நெனச்சேன். அடுத்த வாரமும் அதே சத்தம். ஒட்டுறது நீங்கதானே?

– நான்தான். ஜோக் சப்புனு இருந்தா ரெண்டு பங்கு சிரிப்பு ஒட்டுவோம்.

– அந்த நிகழ்ச்சிக்கு நாலு பங்காவது வேணுமே.

– ஒட்டுறோம்.

– பாத்தீங்களா, லேசா வாயோரம் சிரிப்பு வருது. அம்மாவும் அப்படித்தான். அவ போனதுலேர்ந்து கல்லு மாதிரி இருந்தவங்க, அந்தச் சத்தம் வந்தா முகம் மலர்ந்துடுது. முழுசா ஒரு தடவ கேக்கணுமாம்.

– அது கம்பெனி சொத்து மச்சான். வெளிய குடுக்க முடியாது.

– என் தங்கச்சி சிரிப்பு எப்ப கம்பெனி சொத்தாச்சு?

– அழிஞ்சும் போச்சு.

– ஏதாவது ஒரு பொய்யச் சொல்லுங்க மாப்ள. ரெண்டையும் சேத்துச் சொன்னா நான் எத நம்புறது?

– அத்தைகிட்ட இல்லன்னு சொல்லிடுங்க.

– வெறுங்கையோட போனா அந்த முகத்தப் பாக்கப்போறது நான். நீங்கதான் அந்தப் பக்கமே வர்றதில்லையே.

– வந்து என்ன பேச...

– பேச வேணாம். உக்காந்திருந்தா போதும். ... அந்தச் சிரிப்ப எப்ப ரெக்கார்ட் பண்ணீங்க?

– ஆஸ்பத்திரியில கைய விரிச்ச வாரம். புது மைக்க சமையல் ரூம்ல ஓடவிட்டுட்டு, மறந்து கடைக்குப் போயிட்டேன். அவ போனப்புறம்தான் போட்டுப் பாத்தேன். முழுசா கேக்கத் தெம்பில்ல. நடுவுல தொட்டா... சிரிக்கிறா. அந்த வாரத்துலயும், யாருமே இல்லாதப்பவும் சிரிச்சிருக்கா. வெக்கமில்லாம சந்தோஷமா இருந்துச்சு மச்சான். அத மட்டும் வெட்டி எடுத்தேன். வாராவாரம் ஒட்டினேன்.

– நல்லதுதானே.

– சிரிப்ப எடுக்கும்போது முதல் மூச்ச வெட்டிடுவோம். வழக்கம். கை தன்னால வெட்டிருச்சு. போன மாசம்தான் வெட்டாததக் கேட்டேன்.

– கேட்டு?

– விடுங்க.

– சொல்லுங்க மாப்ள.

– சிரிக்கிறவங்களுக்கு மூச்சு அப்படி வராது. நான் ஒட்டினது சிரிப்பே இல்ல. குழாயத் தொறந்துவிட்டுட்டு அழுதிருக்கா. நான் பையோட உள்ள வர்ற சத்தம் கேக்குது. குழாய் நிக்குது. 'அதுக்குள்ள வந்துட்டீங்களா'ன்னு சிரிக்கிறா. அதுவும் அதுல இருக்கு. அழுகையும் சிரிப்பும் பக்கத்துப் பக்கத்துல இருக்கு மச்சான். நடுவுல ஒரு மூச்சுதான்.

– தெரிஞ்சப்புறமும் ஒட்டினீங்களா?

– ஒட்டினேன். அந்தச் சிரிப்பு இல்லாம நிகழ்ச்சி களகட்டலங்கிறார் டைரக்டர். ஏன் ஒட்டலன்னு கேட்டா என்ன சொல்ல? ... சத்தத்த வெச்சுதான் நான் சோறு திங்கிறேன். பொண்டாட்டி அழுகைய ஜோக்குக்கு ஒட்டிட்டு இருக்கேன். அத்தை அதக் கேட்டு முகம் மலர்ந்தாங்கன்னு வந்து நிக்கிறீங்க. எந்தக் கையால எடுத்துக் குடுப்பேன்?

– அவங்க முகம் மலரல மாப்ள. நான் சொன்னது பொய். முதல் தடவையே டிவிய அமத்திட்டு, 'பாப்பா அழறாடா'ன்னாங்க. நீங்க சிரிப்புன்னே நெனச்சிட்டிருந்தா அப்படியே இருக்கட்டும்னுதான்... எங்க முன்னாடி அவ கடைசி வரைக்கும் சிரிச்சிட்டேதான் இருந்தா. நல்லா அழுது தீத்தாளா, பாதியில அடக்கிட்டாளான்னு அம்மாவுக்குத் தெரியணுமாம்.