கண்ணாடிக் கடைக்கு வந்த உளவுப் பட்டம்

அவைக்கு அழகாய் நடுநாயகமாய் வீற்றிருந்து, நான் நேரம் தாண்டினால் அடிப்பதற்கென்றே மணியின் மேல் விரலை வைத்திருக்கும் பெருமதிப்புக்குரிய தலைவர் அவர்களே, அறிவைச் சேர்ப்பதிலேயே ஆயுளைச் செலவிட்ட ஆன்றோர்களே, பிள்ளைகளைத் தூங்கவைத்துவிட்டுப் பிழைகளைத் திருத்த உட்காரும் பெருமைக்குரிய தாய்மார்களே, சொந்தப் பெயரை என்னிடம்கூடச் சொல்லாமல் புனைபெயரைச் சட்டையில் குத்திக்கொண்டு வந்திருக்கும் நம் இணையக் கலைக்களஞ்சியத்தின் தொகுப்பாளர்களே, உங்கள் அனைவருக்கும் என் அன்பு கலந்த வணக்கம்.

எனக்கு முன் பேசியவர்கள் நம் களஞ்சியத்தின் சிறப்புகளைச் சொன்னார்கள். நான் அதன் சண்டைகளைச் சொல்ல வந்திருக்கிறேன். நாம் சாதாரணமான ஆட்களா? வாழை மரமா, செடியா என்று மாதக்கணக்கில் மல்லுக்கட்டியவர்கள் நாம். அப்படிப்பட்ட நாம், உளவுத்துறையைப் பற்றி ஒரு கட்டுரை எழுதினால் சும்மா இருப்போமா? தன் அலுவலக வாசலில் பெயர்ப்பலகைகூட மாட்டாத துறை அது. தெரிந்ததை எல்லாம் எழுதாவிட்டால் சோறு இறங்காத கூட்டம் நம் கூட்டம். இரண்டும் ஒரே பக்கத்தில் சந்தித்தால் என்ன ஆகும்? ரகளை ஆகும். ஆனது.

அந்த ரகளையில் இரண்டு பேர் முன்னணி. ஒருவர் கத்தரி என்ற அம்மையார். பகலெல்லாம் வங்கி வேலை, மிச்ச நேரமெல்லாம் வெட்டும் வேலை. சான்றில்லாத வாக்கியத்தைக் கண்டால் அவருக்குக் கை துறுதுறுக்கும். இன்னொருவர் பசை என்ற பெரியவர், ஓய்வுபெற்ற பேருந்து நடத்துநர். எத்தனை பேர் ஏறினாலும் "உள்ள போ, உள்ள போ" என்று இடம் பிடித்துக் கொடுத்தவர், கட்டுரையிலும் அதையேதான் செய்வார். அவர் ஒட்டியதை அவரே பிரிக்க மாட்டார். அங்கே கைதட்டுகிறவர்கள் பசையின் கட்சியா? சற்றுப் பொறுங்கள் ஐயா, அவசரப்பட்டு மாட்டிக்கொள்ளாதீர்கள்.

யாரோ ஒரு புண்ணியவான், பெயர் தெரியாதவர், அந்தக் கட்டுரையில் ஒரு வரி எழுதிவிட்டுப் போனார். உளவுத்துறை அலுவலகத்துக்கு எதிரே உள்ள மூக்குக்கண்ணாடிக் கடை, ஒற்றர்கள் செய்தி மாற்றிக்கொள்ளும் மறைவிடம் என்று. கத்தரி அதை வெட்டினார். சில நாள் கழித்துப் பசை அதைத் திரும்ப ஒட்டினார்.

"பத்திரிகையிலயே வந்திருக்கும்மா, சான்று போட்டிருக்கேன் பாருங்க" என்று கட்டுரையின் உரையாடல் பக்கத்தில் எழுதினார் பசை.

"பத்திரிகையில ராசிபலன்கூடத்தான் வருது. அதையும் ஒட்டுவீங்களா?" என்றார் கத்தரி.

வெட்டினார், ஒட்டினார், வெட்டினார், ஒட்டினார். நமக்கெல்லாம் அது நல்ல வேடிக்கையாக இருந்தது. ஆனால் அந்தக் கடையில் என்ன நடந்தது தெரியுமா? கண் சோதிக்க வந்தவர்கள் சுவரில் இருந்த எழுத்து அட்டையைப் பார்த்து, "இதுதான் ரகசியக் குறியீடாண்ணே?" என்று காதோடு கேட்டார்கள். கண்ணாடிக்கார அண்ணன் முதலில் சிரித்தார். பிறகு கட்டட உரிமையாளர் வந்தார்.

"ஒற்றனுங்க கூடுற எடத்துல என் பேரும் சேர்ந்து அடிபடும். மாசக் கடைசிக்குள்ள காலி பண்ணிடுப்பா" என்றார். அண்ணனின் சிரிப்பு அதோடு நின்றது. ஊரில் பாதிப் பேருக்குப் பார்வை கொடுத்த கடை அது, நண்பர்களே. அதை இழந்தால் அவர்கள் எங்கே போவார்கள்?

அண்ணனின் மனைவி, நாங்கள் அக்கா என்று அழைப்பவர், துணிந்தவர். நம் களஞ்சியத்தில் கணக்குத் தொடங்கி, அந்த வரியைத் தானே அழித்தார். அடுத்த நொடி பசை அதைத் திரும்ப ஒட்டிவிட்டு, உரையாடல் பக்கத்தில் வந்து நின்றார்.

"அது எங்க கடைங்க" என்றார் அக்கா.

"அதனாலதாம்மா நீங்க தொடக் கூடாது. தன்னைப் பத்தித் தானே எழுதக் கூடாதுன்னு விதி."

"நான் எங்க எழுதினேன்? அழிக்கத்தானே செஞ்சேன்?"

"அழிக்கறதுக்கும் சான்று வேணும்மா."

ஒருவர் ஒற்றர் இல்லை என்பதற்கு எந்தக் கடையில் போய்ச் சான்று வாங்குவது? அக்கா நேராக உளவுத்துறை அலுவலகத்துக்கே போய்விட்டார். ஆமாம் தாய்மார்களே, எதிர்ச்சாரிதானே, நடந்தே போனார். அங்கிருந்த அதிகாரி, "அவர் எங்க ஆளுன்னும் சொல்றதுக்கில்ல, இல்லைன்னும் சொல்றதுக்கில்லம்மா" என்றார்.

"ஐயா, கண்ணாடிய நெத்தியில ஏத்தி வச்சுக்கிட்டு வீடு பூரா தேடுற மனுஷன் அவரு. அவரா ஒற்றர்?"

"அதைப் பத்தியும் கருத்து சொல்றதுக்கில்ல" என்றாராம் அந்த அதிகாரி, அண்ணன் கடையில் வாங்கிய கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே. சிரிக்கிறீர்கள். அக்கா என்னிடம் வந்து இதைச் சொன்னபோது அழுதார். களஞ்சியத்தின் நிர்வாகி என்ற பட்டத்தைச் சுமந்துகொண்டு நான் இனியும் வேடிக்கை பார்க்க முடியுமா?

கத்தரியையும் பசையையும் அந்தக் கடைக்கே வரச் சொன்னேன். அதுவரை அவர்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்ததில்லை. சண்டையில் கிழித்துத் தொங்கவிட்டவர்கள், நேரில் "நீங்க உக்காருங்க, நீங்க உக்காருங்க" என்று நாற்காலியை மாற்றி மாற்றித் தள்ளினார்கள். அக்காவின் வாடிய முகத்தைப் பார்த்ததும் பசைக்கு என்னவோ போல் ஆகிவிட்டது. செய்தி எழுதிய நிருபரை அங்கிருந்தே தொலைபேசியில் அழைத்து, எல்லோரும் கேட்கும்படி வைத்தார்.

"தம்பி, அந்தக் கண்ணாடிக் கடை சேதி உங்களுக்கு எங்கேருந்து கெடைச்சுது?"

"உங்க களஞ்சியத்துலேருந்துதான் சார். நீங்க எழுதினா சரியாத்தானே இருக்கும்?"

கேட்டீர்களா கதையை? கத்தரி வெட்டும் முன்பே அவர் நம்மைப் பார்த்து எழுதியிருக்கிறார். நாம் அவரைப் பார்த்துத் திரும்ப ஒட்டியிருக்கிறோம். நம் வாயிலிருந்து போன வதந்தி, பத்திரிகை வழியாகக் குளித்து முழுகி, சான்று என்ற சட்டை போட்டுக்கொண்டு நம் வீட்டுக்கே விருந்துக்கு வந்திருக்கிறது. நம்மைப் போன்ற கலைக்களஞ்சியக்காரர்களைத் தவிர வேறு யாரால் இப்படி ஒரு தப்பைச் செய்ய முடியும்?

"இப்பவே வெட்டிடறேன்" என்று கத்தரி எழுந்தார். அக்கா அவர் கையைப் பிடித்துக்கொண்டார்.

"வெட்டாதீங்கம்மா. சத்தமில்லாம வெட்டினா, உளவுத்துறை சொல்லி வெட்டிட்டாங்கன்னு இன்னும் கூடப் பேசுவாங்க. தப்புன்னு எழுதுங்க. உங்க தப்புன்னு எழுதுங்க."

நம் விதிப்புத்தகம் முழுவதையும் படித்த எங்கள் யாருக்கும் அது தோன்றவில்லை. அந்த வாரமே நிருபர், விசாரிக்காமல் எழுதிவிட்டதாகப் பத்திரிகையில் திருத்தம் வெளியிட்டார். அதைச் சான்றாக வைத்து, தான் ஒட்டிய வரியைப் பசையே தன் கையால் எடுத்தார். அந்த இடத்தில், கடையைப் பற்றிய செய்தி தவறு, அது ஆதாரமில்லாமல் இந்தக் கட்டுரையில்தான் முதலில் எழுதப்பட்டது என்று எழுதினார். கத்தரி அதில் ஓர் எழுத்தைக்கூடத் தொடவில்லை.

அக்கா அதைக் கட்டட உரிமையாளரிடம் காட்டினார். "பொடி எழுத்தும்மா, ஒண்ணும் தெரியலியே" என்றார் அவர். அண்ணன் அவரை உட்காரவைத்து, கண்ணைச் சோதித்து, ஒரு கண்ணாடியை மாட்டிவிட்டார். அவர் மெதுவாக, வரி வரியாகப் படித்தார்.

"எழுதினவனே தப்புன்னு ஒத்துக்கிட்டிருக்கானே. சும்மா அழிச்சிருந்தா நான் நம்பியிருக்க மாட்டேன். சரி, கடைய நடத்துப்பா" என்றார்.

அன்பர்களே, ஆமென்றும் சொல்லாமல் இல்லையென்றும் சொல்லாமல் இருப்பது உளவுத்துறையின் தொழில். அவர்கள் அதைச் செய்துவிட்டுப் போகட்டும். நாமும் அதையே செய்தால் நமக்கும் அவர்களுக்கும் என்ன வேறுபாடு? தெரிந்தால் தெரியும் என்று எழுதுவோம். தெரியாவிட்டால் தெரியாது என்று எழுதுவோம். தவறினால், தவறினோம் என்று தலைநிமிர்ந்து எழுதுவோம். எழுதுவோமா? இன்னும் உரக்கச் சொல்லுங்கள், எழுதுவோமா? நாம் எழுதும் ஒவ்வொரு வரிக்கு எதிரிலும் யாரோ ஒருவரின் கடை இருக்கிறது, தோழர்களே. அந்த அக்காவின் கடை இன்று காலையும் திறந்தது. வரும் வழியில் நானே பார்த்தேன், உள்ளே நல்ல கூட்டம்.

என் பேச்சைப் பொறுத்துக்கொண்ட உங்கள் காதுகளுக்கும், பேச அழைத்த அவைக்கும் என் நெஞ்சார்ந்த நன்றி. வீட்டுக்குப் போனதும் சண்டையைத் தொடருங்கள். எல்லோருக்கும் வணக்கம்.