கறுப்புப் பக்கம் வெளியே

இருங்கண்ணே, இப்படித் திடீர்னு கேட்டா நான் தப்பாச் சொல்லிடுவேன். நாலாங் கிளாஸோட மில்லுக்குத் தைக்கப் போனவ நான். சங்கத்து செக்ரட்டரி வீடு தேடி வந்தா நாக்கு ஒட்டிக்காதா? காப்பி குடிங்க.

தெரியும்ண்ணே. சங்கத் தலைவர் கஸ்பாரே சாவுக்கே எங்க வீட்டுக்காரர் டொனாட்டோ வரல. ஞாயித்துக்கெழம கமிட்டில பேர அடிச்சிருவீங்க. அப்புறம் டொனாட்டோ படுத்தா பாக்க ஆள் வராது, செத்தா பேண்டு கெடையாது, தூக்கக்கூட நாலு பேர் கெடையாது. அவர் மேல தப்பில்லண்ணே. சங்கத்து பேட்ஜக் காணோம்னு வீட்டையே பொரட்டிப் போட்டாரு. அது இல்லாம பொணத்துக்குப் பின்னால நடக்க வெக்கப்பட்டு உக்காந்துட்டாரு.

சொல்றேன், சொல்றேன். கஸ்பாரே பொண்டாட்டி நுன்சியாத்தாவும் நானும் ஊர விட்டு இந்தத் தேசத்துக்குப் பொழைக்க ஒரே கப்பல்ல வந்தவங்க. மில்லுல ஒரே பெஞ்சு. இப்ப அவளுக்கு வெல்வெட் கோட்டு. சான் ரோக்கோ சாமி ஊர்வலத்துல சிலைக்குப் பின்னால மொத வரிசை. நான் கடைசில மெழுகுவத்தியோட. இந்த வருசம் திருவிழா அன்னிக்கு, சங்கத்து ஹால்ல, அத்தன பொம்பளைங்க முன்னால என்ன சொன்னா தெரியுமா? ஏண்டி அசுந்தா, உனக்குத்தான் ஊசி பிடிச்ச கை, எங்க வீட்டுக்காரருக்கும் பேட்ஜக் குத்திவிடேன், நான் கையுறை போட்டுட்டேன்லன்னு. என்னமோ நான் அவ வீட்டு வேலைக்காரி மாதிரி.

குத்திவிட்டேன். ஆமா, நான்தான். திருவிழாவுக்குச் செவப்புப் பச்சப் பக்கம், சாவுக்குக் கறுப்புப் பக்கம்னு எனக்குத் தெரியாதா? முப்பது பேட்ஜ் நானே தச்சிருக்கேன். தெரிஞ்சேதான் கறுப்ப வெளிய வச்சுக் குத்தினேன். தெரு சிரிக்கும், அவ மூஞ்சி சுருங்கும், அவ்ளோதான் நெனச்சேன். யாரும் சிரிக்கலண்ணே. கஸ்பாரே நெஞ்சுல கறுப்பப் பாத்து பொம்பளைங்க சிலுவ போட்டுக்கிட்டாங்க. ஆறாவது வாரம் நெஞ்சப் பிடிச்சுக்கிட்டு விழுந்தாரு.

அவர் ஆஸ்பத்திரில கெடந்தப்ப எனக்கு ஒரே நெனப்பு. எங்க வீட்டுக்காரர் அடுத்த வருசம் ஊர்வலத்துல சங்கத்துக் கொடி பிடிக்கப் போறாரு. அதப் பாத்து வயிறு எரிய என்ன மாதிரி இன்னொருத்தி இல்லாமயா போயிருவா? அவர் பேட்ஜுலயும் கறுப்புப் பக்கம் இருக்குல்ல.

அதான் தேட வேணாம்ங்கறேன். எங்க வீட்டுக்காரர் பேட்ஜ அன்னிக்கே நான்தான் அடுப்புல போட்டுட்டேன். அதோட ஊசிய மட்டும் எடுத்து வச்சிருக்கேன், இந்தாங்க, அது சங்கத்துது.