நாற்பத்தேழில் துரு இல்லை

— துரு எங்க இருக்கு, காட்டு.

— மேடம், முதல்ல உக்காருங்க. மூணு மாடி ஏறி வந்திருக்கீங்க, மூச்சு வாங்குது.

— அதை நான் பார்த்துக்கிறேன். நாற்பத்தேழாம் நம்பர் இதழை "ஸ்டேப்ளர் பின்னுல துரு, எடுத்துக்க முடியாது"ன்னு ஒரு சீட்டு எழுதித் திருப்பி அனுப்பியிருக்க. அந்தத் துருவை எனக்குக் காட்டு.

— அனுப்பினேன். ஆனா நான் அனுப்பினது ஒரு ரிட்டயர்டு சர்வேயருக்கு. இந்த மூணு வருஷமா எனக்குப் பழைய காமிக்ஸ் விக்கிறவர் அவர்தான். நீங்க எங்க நடுவுல வந்தீங்க?

— அவர் எங்க பக்கத்து வீடு. முழங்கால் வலி, படி ஏற முடியாது. என்னைப் போய்க் கேட்டுட்டு வரச் சொன்னார்.

— ஒன்பது வருஷமா கூடப் பொறந்த தம்பிகிட்ட ஒரு வார்த்தை பேசல. பக்கத்து வீட்டுக்காரர் முழங்காலுக்காக மூணு மாடி ஏறி வந்திருக்கீங்க. நல்ல மனசு மேடம் உங்களுக்கு.

— அக்கான்னு கூப்பிட வாய் வரலைன்னா எதுவும் கூப்பிடாமப் பேசு. மேடம் மட்டும் வேண்டாம். இங்க ஏன் இவ்வளவு புழுக்கமா இருக்கு?

— ஃபேன் சுவிட்சுல கை வைக்காதீங்க. மேஜை முழுக்கப் பழைய பேப்பர். ஃபேன் ஒரு சுத்து சுத்தினா பாதி தூளாப் போயிடும்.

— தெரியும், தெரியும். நானும் காமிக்ஸ் சேக்குறவதான். இந்தா, கவரைப் பிரி. லென்ஸ் வச்சிருக்கேல்ல, எடு. இந்த டியூப் லைட்டை நம்பாத, ஜன்னல்கிட்ட வா.

— வந்தேன். மேல் பின்னைப் பாருங்க.

— பார்த்தேன். பளபளன்னு இருக்கு.

— ஓரத்துல ஒரு பழுப்பு தெரியுதே.

— அது மைடா. அந்த அச்சகத்துல சிவப்பு மேல மஞ்சளை அடிக்கும்போது நடுப்பக்கம் எப்பவும் ஒரு நூல் விலகியிருக்கும். அறுபது இதழ்லயும் அதே கதைதான். தடவிப் பாரு. துருன்னா விரலுக்குச் சொரசொரன்னு தெரியும், பேப்பர்ல வளையமா இறங்கியிருக்கும். இது கூடவா உனக்குத் தெரியாது?

— இருபது வருஷமா இதுதான் என் தொழில்.

— அதைத்தான் நானும் கேக்குறேன். தொழில் தெரிஞ்சவன் எழுதுற சீட்டா இது?

— கடைக்காரர் சார், புத்தகம் வாங்க வந்திருக்கேன். இந்தப் பெட்டியில எதை எடுத்தாலும் ஒரே விலையா?

— ஆமா சார். அது எல்லாமே அட்டை போனது. அட்டை இருக்கிறது அந்த அலமாரியில.

— அட்டை இல்லாம என்ன புத்தகம்னு எப்படி சார் கண்டுபிடிக்கிறது?

— படிச்சாத் தெரிஞ்சிடும் சார்.

— அப்படியா. சரி, நான் இன்னொரு நாள் வர்றேன்.

— ஏன்டா, வந்த ஆளை இப்படித்தான் விரட்டுவியா? இந்த வாயை வச்சுக்கிட்டு இருபது வருஷம் எப்படிக் கடை நடத்தின?

— பழைய காமிக்ஸ் வாங்க வர்றவங்களுக்கு வேற கடை கிடையாது. வாயைப் பொறுத்துக்குவாங்க. அதை விடுங்க. இந்த ஒரு இதழை எங்கிட்ட வித்தே ஆகணும்னு உங்க சர்வேயருக்கு என்ன அவசரம்?

— இது மத்த இதழ் மாதிரியா? அந்த வாரம் பின் அட்டையில வெட்டி எடுத்து மாட்டிக்கிற முகமூடி போட்டிருந்தான். ஊர்ல இருக்கிற பசங்க மொத்தப் பேரும் கத்தரிக்கோலை எடுத்துட்டாங்க. வெட்டாத நாற்பத்தேழை நான் பார்த்தது இது ஒண்ணுதான். நீயும் பார்த்திருக்க மாட்ட. காமிக்ஸ் சேக்குற எந்த ஆளுகிட்ட நீட்டினாலும் கையோட பிடுங்கிக்குவான். நீ என்னடான்னா துருன்னு சீட்டு எழுதுற.

— அப்போ அந்த ஆளுகிட்டயே நீட்டச் சொல்லுங்க.

— அவனுக்கு எதுக்கு? உன்கிட்ட இது ஒண்ணுதான் குறையுது. இரட்டைப்படை நம்பர் முப்பதும் முதல்லயே இருந்தது, ஒற்றைப்படையில இருபத்தொன்பது சர்வேயர் கொடுத்துட்டார். இது தொடர்கதைடா. அறுபதும் ஒரே இடத்துல இருக்கணும். அவருக்கு வேற ஆசை எதுவும் இல்ல.

— இரட்டைப்படை மட்டும் எங்கிட்ட எப்படி வந்துச்சுன்னு அவருக்குத் தெரியுமா?

— அதை நான் அவருக்குச் சொன்னேன்.

— எப்படிச் சொன்னீங்க? எனக்கும் சொல்லுங்க, கேக்கலாம்.

— இருந்ததைத்தான் சொன்னேன். அப்பா போனதும் வீட்டுக்குச் சண்டை இல்ல, கடிகாரத்துக்குச் சண்டை இல்ல. அவர் வாரா வாரம் வாங்கி அடுக்கின காமிக்ஸ் பெட்டிக்கு நீயும் நானும் மல்லுக்கு நின்னோம். மாமா வந்து நடுவுல உக்காந்தார். சீட்டாட்டத்துல சீட்டுப் போடுற மாதிரி அக்காவுக்கு ஒண்ணு, தம்பிக்கு ஒண்ணுன்னு போட்டு முடிச்சார். ஒற்றைப்படை எனக்கு, இரட்டைப்படை உனக்கு.

— ஜென்மத்துல ஒரு காமிக்ஸைப் பிரிச்சுப் பார்க்காத மனுஷன். நியாயமாப் பிரிச்சுட்டேன்னு காபியைக் குடிச்சிட்டுக் கிளம்பிட்டார். எனக்கு வந்த இதழ்ல எல்லாம் ஹீரோ கடைசிப் பக்கத்துல மாட்டிக்குவான். எப்படித் தப்பிச்சான்னு தெரியாம நான் உக்காந்திருப்பேன்.

— எனக்கு வந்ததுல எல்லாம் முதல் பக்கத்துலயே தப்பிச்சிருப்பான். எதுல மாட்டினான்னே தெரியாது.

— இப்போ சிரிக்கிறீங்க. அன்னைக்கு என்ன சொன்னீங்க? "இவன் கையில கொடுத்தா பழைய பேப்பர்காரன்கிட்ட எடைக்குப் போடுவான்"னு சொன்னீங்க. மொத்தச் சொந்தமும் அங்க நின்னுச்சு.

— நீ மட்டும் வாயைப் பொத்திக்கிட்டா இருந்த? "வேற வீட்டுக்குப் போனவளுக்கு இந்த வீட்ல இருந்து ஒரு காகிதம் கூடக் கிடையாது"ன்னு சொன்ன. அதைக் கேட்டதுக்கு அப்புறம் நான் எந்த மூஞ்சியை வச்சுக்கிட்டு உன் வாசல்ல வந்து நிப்பேன்?

— சொல்லியிருக்கக் கூடாது.

— என்ன சொன்ன?

— நான் அப்படிச் சொல்லியிருக்கக் கூடாதுன்னேன். சர்வேயருக்குக் கூட இதை எழுதியிருந்தேன். ஆறாவது லெட்டரோ ஏழாவதோ. "எங்க அக்காவை ஒரு வார்த்தை சொல்லிட்டேன் சார், அதை எப்படித் திரும்ப வாங்குறதுன்னு தெரியல"ன்னு. உங்ககிட்ட அவர் சொல்லலையா?

— சொன்னார். படிச்சும் காட்டினார்.

— அதுக்கு அவர் போட்ட பதில்?

— அது எனக்கு எப்படித் தெரியும்?

— "அவளும் உன்னை நினைச்சுக்கிட்டுத்தான் இருப்பா. நேரத்துக்குச் சாப்பிட்டுப் படு"ன்னு எழுதியிருந்தார். அம்மா போனதுக்கு அப்புறம் சாப்பிட்டுப் படுன்னு என்கிட்ட யாரும் சொன்னதில்ல. அந்த லெட்டரை நான் எத்தனை தடவை படிச்சேன்னு கணக்கில்ல. வாங்குறவனுக்கும் விக்கிறவருக்கும் நடுவுல வர்ற லெட்டரா அது?

— வயசானவர், ஏதோ தோணினதை எழுதியிருப்பார்.

— அவர் பண்றது எல்லாமே அப்படித்தான். நான் ஒரு விலை சொன்னா, "இது ரொம்ப ஜாஸ்தி தம்பி, குறைச்சுக் கொடு"ன்னு பேரம் பேசுவார். விக்கிறவர் விலையைக் குறைக்கச் சொல்லி நான் இந்தத் தொழில்ல பார்த்ததே இல்ல. பாதி விலைக்கு இறக்கினப்புறம்தான் பார்சலே கட்டுவார்.

— பொண்ணு படிக்கிறா, மனைவிக்கு ஆபரேஷன், மழைக்குக் கடை ஒழுகுதுன்னு நீ மாசாமாசம் எழுதினா, மனுஷன் எப்படி உன்கிட்ட முழு விலை கேப்பார்?

— ஆபரேஷன் வரைக்கும் சொல்லியிருக்காரா?

— நாங்க அக்கம் பக்கம். பேசிக்குவோம். இப்போ எப்படி இருக்கா அவ?

— நடக்கிறா. போன வாரம் வேலைக்கும் போக ஆரம்பிச்சுட்டா.

— அப்பாடா. சரி, பேச்சை மாத்தாத. துரு இல்லைன்னு ஒத்துக்கிட்டு இதை வாங்கி உள்ள வை.

— முடியாது. துரு துருதான். மழைக்காலத்துல கவனிக்காம எங்கயோ பரண்ல போட்டு வச்சிருக்கார். பேப்பர்ல கூட ஈரவாடை வருது. இதை எல்லாம் சேத்தா என் கலெக்ஷனுக்கே கெட்ட பேர்.

— ஈரவாடையா? டேய், மூக்கு இருக்கா உனக்கு? ஒன்பது வருஷமா இரும்புப் பீரோவுல, மேல் தட்டுல, படுக்கவச்சு வச்சிருந்தேன். பின்னால அமிலம் இல்லாத அட்டை. ஈரத்தை இழுக்கிற பொட்டலத்தை மழைக்கு முன்னால ஒரு தடவை, மழைக்கு அப்புறம் ஒரு தடவைன்னு மாத்தினேன். எம் பசங்களைக் கூடத் தொட விட்டதில்ல. என்னைப் பார்த்துக் கவனிக்காம பரண்ல போட்டேங்கிறியா?

— உன்னை நான் ஒண்ணும் சொல்லலையே. நான் சொன்னது சர்வேயரை.

— கவரைக் கொடு, நான் கிளம்புறேன்.

— சொல்லுக்கா. யாரோட பீரோ?

— என்னோட பீரோதான். சர்வேயரும் கிடையாது, முழங்காலும் கிடையாது. தபால் ஆபீஸ்ல ஒரு பெட்டி நம்பர் வாங்கி, இடது கையால லெட்டர் எழுதினேன். போதுமா? இன்னும் என்ன தெரியணும் உனக்கு?

— எதுக்கு இவ்வளவு பாடு?

— வேற என்ன பண்ணச் சொல்ற? நேர்ல கொண்டு வந்து நீட்டினா மூஞ்சியில வீசியிருப்ப. சும்மா அனுப்பினா யாரு எவருன்னு தோண்டியிருப்ப. விலை போட்டு வித்தா நீ பேசாம வாங்கிக்குவ, அது உன் தொழில். பாதிக் கதையை நீ வச்சுக்கிட்டு, பாதிக் கதையை நான் வச்சுக்கிட்டு, ரெண்டு பேரும் கிழமாகணுமா? அது எனக்குத் தாங்கல.

— மூணாம் நம்பர் ஞாபகம் இருக்கா? பதினோராம் பக்கத்துல ராணிக்கு மீசை.

— எப்படி மறக்கும்? நீ ரெண்டாம் கிளாஸ்ல நீலப் பேனாவால போட்ட மீசை. அந்தப் பக்கத்தைக் கிழிக்கவும் மனசு வரல, அனுப்பாம இருக்கவும் முடியல. பயந்துக்கிட்டேதான் அனுப்பினேன். நீ என்னடான்னா "மிக நல்ல நிலையில் உள்ளது"ன்னு எழுதி முழு விலை போட்ட. பக்கத்தைப் புரட்டிக் கூடப் பார்க்காத சோம்பேறின்னு திட்டினேன்.

— ஒவ்வொரு பக்கமாத்தான் பார்த்தேன்.

— பார்த்துமா?

— அது நீ அனுப்பின ரெண்டாவது பார்சல். அன்னையில இருந்தே எனக்குத் தெரியும்.

— அப்போ... அந்த ஆறாவது லெட்டர்?

— உனக்குத்தான் எழுதினேன். நேர்ல சொல்ற தைரியம் எனக்கு வரல.

— பாவிப் பயலே. நான் அதைப் படிச்சிட்டு அடுப்படியில நின்னு அழுதேன்டா. பசங்க என்னம்மா என்னம்மான்னு கேட்டாங்க, கண்ணுல தூசின்னேன். இது தெரிஞ்சிருந்தா அன்னைக்கே பஸ் பிடிச்சு வந்திருப்பேன்.

— கண்ணைத் துடைச்சுக்கோ. புத்தகத்தைத் தள்ளி வை, மேல படப்போகுது.

— படாது, எனக்குத் தெரியும். நீ முதல்ல பதில் சொல்லு. இது யாரோடதுன்னு தெரியும். வெட்டாத நாற்பத்தேழு எவ்வளவு அபூர்வம்னும் தெரியும். பின்னுல துரு இல்லைன்னும் உனக்கு நல்லாத் தெரியும்.

— தெரியும்.

— அப்புறம் எதுக்குடா திருப்பி அனுப்பின?

— இதையும் வாங்கிட்டா அறுபதும் முடிஞ்சிடும். அப்புறம் சர்வேயர் எனக்கு எதுக்குக்கா லெட்டர் போடுவார்?